எல்லை தாண்டி வாங்கும் கார் - ஊர் வந்து பதிவு செய்வது எப்படி?

வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் பெருந்தொகை கொடுத்து வாங்கும் பொருள் கார். பல ஆண்டுச் சேமிப்பும், வெளிநாட்டில் வியர்வை சிந்தும் மகனின் உழைப்பும் அதில் அடங்கியிருக்கின்றன. அத்தகைய பொருளை எந்த ஊரில் வாங்குவது, எந்த ஊரில் பதிவு செய்வது என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமலேயே பலர் முன்பணம் கட்டிவிடுகின்றனர். அக்கம்பக்கத்தார் கூறும் யோசனை சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் நேரும் இழப்பு சில வேளைகளில் காரின் முழு விலைக்கே சமமாகிவிடுகிறது.

தமிழகத்தின் எல்லையோரங்களில் வாழ்வோருக்கு வெளிமாநிலம் என்பது தொலைதூரம் அன்று. நாகூரிலிருந்து வடக்கே சென்று வாஞ்சூரைக் கடந்தால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டம் வந்துவிடுகிறது. ஓசூர்க்காரருக்குப் பெங்களூரும், கன்னியாகுமரி மாவட்டத்தாருக்குத் திருவனந்தபுரமும் அடுத்த வீடு போன்றவை. ஆம்பூர், வாணியம்பாடி வணிகர்கள் பலருக்குத் தொழில் நிமித்தமாகப் பெங்களூருடன் அன்றாடத் தொடர்பு உண்டு. நாம் விரும்பும் நிறமோ மாடலோ உள்ளூர் ஷோரூமில் கிடைக்காமல் அண்டை மாநிலத்தில் ஆயத்தமாக நிற்கலாம். அங்குள்ள விற்பனையாளர் கூடுதல் தள்ளுபடி தரலாம். இவை நியாயமான காரணங்களே. வெளிமாநிலத்தில் கார் வாங்குவதைச் சட்டம் எங்கும் தடுக்கவில்லை. சட்டம் வரையறை செய்வது பதிவு செய்யும் இடத்தை மட்டுமே.

சட்டம் சொல்வது என்ன?

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம்தான் இந்தியா முழுமைக்கும் பொருந்தும் அடிப்படைச் சட்டம். அதன் 39 ஆம் பிரிவு, பதிவு செய்யப்படாத வாகனத்தைப் பொது இடத்தில் எவரும் ஓட்டக்கூடாது, உரிமையாளரும் ஓட்ட விடக்கூடாது என்கிறது. உரிமையாளர் வழக்கமாக வசிக்கும் இடமோ, தொழில் நடத்தும் இடமோ, அதாவது வாகனம் வழக்கமாக நிறுத்தி வைக்கப்படும் இடமோ எந்த மாநிலத்தில் உள்ளதோ அந்த மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்பது 40 ஆம் பிரிவின் சாரம். வாங்கிய இடம் எதுவென்று அப்பிரிவு கேட்கவில்லை. கார் எங்கே வாழப் போகிறது என்றே கேட்கிறது.

ஆகவே நாகூரில் குடியிருப்பவர் காரைக்காலில் கார் வாங்கினாலும், பதிவு செய்ய வேண்டியது தமிழ்நாட்டில்தான். எண்பலகையில் வர வேண்டியது நாகப்பட்டினத்துக்குரிய 'டி.என். 51'. காரைக்காலுக்குரிய 'பி.ஒய். 02' அன்று. கடையிலிருந்து வீட்டுக்கு வரும் இடைப்பட்ட நாள்களுக்காகவே 43 ஆம் பிரிவின்கீழ்த் தற்காலிகப் பதிவு என்னும் ஏற்பாடு உள்ளது. வாங்கும் மாநிலத்திலேயே தற்காலிகச் சான்றும் தற்காலிக எண்ணும் பெற்று, வண்டியை ஊருக்குக் கொண்டுவந்து, சொந்த மாநிலத்தில் ஆயுட்கால வரி செலுத்தி, நிரந்தர எண் பெறுவதே நேர்வழி.

2019 ஆம் ஆண்டில் இச்சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் ஒன்றையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். விற்பனையாளர் இருக்கும் மாநிலத்திலேயே புதிய வண்டி பதிவு செய்யப்படுமானால், பதிவுக்கு விண்ணப்பிக்கும் பொறுப்பு அந்த விற்பனையாளருடையது. வேறு மாநிலத்தில் பதிவு செய்வதானால் அப்பொறுப்பு உரிமையாளருடையது. உள்ளூரில் வாங்கியவருக்கு எண்பலகையோடு கார் கைக்கு வருகிறது. வெளிமாநிலத்தில் வாங்கியவர் தாமே அலுவலக வாயிலை மிதித்தாக வேண்டும். இந்த அலைச்சலுக்கும் ஒரு விலை உண்டு. கிடைக்கும் தள்ளுபடியிலிருந்து அதைக் கழித்துப் பார்த்த பின்பே இலாபத்தைக் கணக்கிட வேண்டும்.

ஒன்பது நாள் தவறியதால் ஆறு இலட்சம் போயிற்று

தற்காலிகப் பதிவு முடிந்தும் நிரந்தரப் பதிவு செய்யாமல் காலங்கடத்துவோர் பலர். "நாலு நாள் பிந்தினால் என்ன? அபராதம் கட்டிவிடலாம்" என்பது அவர்களின் எண்ணம். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு உள்ளன.

இராஜஸ்தான் மாநிலம் ஸ்ரீகங்காநகரைச் சேர்ந்த ஒருவர் புதிய பொலேரோ வண்டி ஒன்றை வாங்கினார். அண்டை மாநிலமான பஞ்சாபில் அதற்குக் காப்பீடு பெற்றார். காப்பீட்டுத் தொகை 6,17,800 ரூபாய். அந்த வண்டியின் தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19 ஆம் நாள் முடிந்தது. அவர் நிரந்தரப் பதிவு செய்யாமலே தொழில் நிமித்தம் ஜோத்பூருக்கு வண்டியை எடுத்துச் சென்று, விடுதி ஒன்றில் தங்கினார். ஜூலை 28 ஆம் நாள் காலையில் பார்த்தபோது விடுதிக்கு வெளியே நிறுத்தியிருந்த வண்டியைக் காணவில்லை. காவல் துறையில் புகார் செய்தார். காப்பீட்டு நிறுவனமோ பணம் தர மறுத்தது. நுகர்வோர் ஆணையங்களில் அவருக்குச் சாதகமாக உத்தரவு கிடைத்தது. திருட்டுக்கும் பதிவுக்கும் என்ன தொடர்பு என்று நமக்கும் தோன்றலாம். ஆனால் 2021 செப்டம்பர் 30 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுகளைத் தள்ளுபடி செய்தது. செல்லத்தக்க பதிவு இல்லாமல் வண்டியைப் பயன்படுத்தியது காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறிய செயல் என்றும், ஆகவே நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்றும் தீர்ப்பளித்தது.

இதற்கு வழிகாட்டியாக அமைந்தது 2014 ஆம் ஆண்டின் மற்றொரு தீர்ப்பு. அந்த வழக்கில் தற்காலிகப் பதிவு 2006 ஜனவரி 11 ஆம் நாள் முடிந்தது. பிப்ரவரி 2 ஆம் நாள் வண்டி விபத்துக்குள்ளாயிற்று. இடையில் கழிந்தவை 22 நாள்கள். அவருக்கும் இழப்பீடு கிடைக்கவில்லை.

இவ்விரு உரிமையாளர்களும் மோசடிக்காரர்கள் அல்லர். முழுப் பணம் கொடுத்து வாங்கினார்கள், பிரீமியமும் கட்டினார்கள். தேதி ஒன்றே அவர்களைத் தோற்கடித்தது. அபராதம் கட்டித் தப்பிவிடலாம் என்பது பெரும்பாலும் உண்மையே. 192 ஆம் பிரிவின்கீழ் முதன்முறைக் குற்றத்துக்கு ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்த ஐயாயிரத்துக்குப் பின்னால் ஆறு இலட்சம் ஒளிந்திருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

ஆகையால் வெளிமாநிலத்தில் கார் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது தற்காலிகச் சான்றில் எழுதியிருக்கும் முடிவு நாளைத்தான். அதை வீட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அந்நாளுக்குள் நிரந்தர எண் கிடைக்காது என்று தெரிந்தால் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவராமல் வீட்டிலேயே நிறுத்தி வையுங்கள்.

விலை உண்மையிலேயே குறைவா?

"பாண்டிச்சேரியில் வாங்கினால் மலிவு" என்ற பேச்சு நம் மக்களிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஒரு காலத்தில் அதில் உண்மையும் இருந்தது. விற்பனை வரியை மாநிலங்கள் தத்தம் விருப்பம்போல் விதித்துவந்த நாள்களில் ஒரே காருக்கு இரு மாநிலங்களில் இரு விலைகள் இருந்தன. வரி வருவாய் எல்லை தாண்டிப் போவதைத் தடுக்கவே 1990 ஆம் ஆண்டில் தமிழக அரசு, வெளியிலிருந்து கொண்டுவரப்படும் மோட்டார் வாகனங்களுக்கு நுழைவு வரி விதிக்கும் சட்டத்தை இயற்றியது.

2017 ஜூலை 1 ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தவுடன் இந்த நிலை மாறியது. இப்போது ஒரு காருக்குரிய ஜி.எஸ்.டி. நாடெங்கும் ஒன்றே. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதமும் பெரிய கார்களுக்கு 40 சதவீதமும் மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதமும் விதிக்கப்படுகின்றன. நான்கு மீட்டர் நீளத்துக்கு மிகாமல், பெட்ரோல் என்ஜின் 1200 சி.சி.க்கும் டீசல் என்ஜின் 1500 சி.சி.க்கும் மேற்படாமல் இருப்பவையே சிறிய கார்கள். இன்வாய்ஸில் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தாலும், மாநிலங்களுக்கிடையிலான வரி என்று ஒன்றாக எழுதியிருந்தாலும் கூட்டுத்தொகை மாறுவதில்லை.

அவ்வாறாயின் வேறுபாடு எங்கே உள்ளது? சாலை வரியில்தான். அந்த வரியை விதிப்பது மாநில அரசு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி புதிய காருக்கு ஆயுட்கால வரி பின்வருமாறு: ஐந்து இலட்சம் ரூபாய் வரை 12 சதவீதம், ஐந்து முதல் பத்து இலட்சம் வரை 13 சதவீதம், பத்து முதல் இருபது இலட்சம் வரை 18 சதவீதம், இருபது இலட்சத்துக்கு மேல் 20 சதவீதம். புதுச்சேரியில் இந்த வரி இதைவிட வெகுவாகக் குறைவு. கர்நாடகத்தில் வீதங்கள் வேறு. ஆயினும் தமிழ்நாட்டில் வசிப்பவர் எங்கே வாங்கினாலும் தமிழ்நாட்டு வரியையே கட்ட வேண்டும். எனவே காரைக்காலில் வாங்கியதால் வரியில் ஒரு காசும் மிச்சமாகாது, பெங்களூரில் வாங்கியதால் கூடுதலாக ஒரு காசும் போகாது.

பத்து இலட்சம் என்னும் எல்லைக்கோட்டைக் கவனிப்பது நல்லது. 9,90,000 ரூபாய்க் காருக்கு 13 சதவீத வரி 1,28,700 ரூபாய். 10,10,000 ரூபாய்க் காருக்கு 18 சதவீத வரி 1,81,800 ரூபாய். விலையில் இருபதாயிரம் கூடியபோது வரியில் 53,100 ரூபாய் கூடிவிடுகிறது. வெளிமாநில ஷோரூமில் கண்ணைக் கவரும் சற்று உயர்ந்த மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன் ஊரில் கட்டவேண்டிய வரியைத் தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். வரி வீதங்கள் மாறக்கூடியவை. ஆகையால் வாங்கும் வாரத்தில் நடப்பிலுள்ள வீதத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது கட்டாயம்.

காரின் விலை பத்து இலட்சத்தைத் தாண்டினால் வருமான வரிச் சட்டப்படி விற்பனையாளர் 1 சதவீதத் தொகையை முன்கூட்டிப் பிடித்தம் செய்வார். இதை விலையோடு சேர்ந்த செலவு என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகின்றனர். இது வாங்குபவரின் வருமான வரிக் கணக்கில் வரவு வைக்கப்படும் தொகை. கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். மேலும், ஒரு பரிவர்த்தனையில் இரண்டு இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதற்கு 2017 முதல் தடை உள்ளது. பையில் பணத்தைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டிச் செல்வதைத் தவிர்த்து வங்கி வழியாகவே செலுத்துங்கள்.

உறவினர் முகவரி என்னும் குறுக்குவழி

"காரைக்காலில் உங்கள் மச்சான் வீடு இருக்கிறதே! அந்த முகவரியில் பதிவு செய்துவிட்டால் வரியில் பாதிக்கு மேல் மிச்சம்" என்று ஆலோசனை கூறுவோர் உண்டு. சில இடங்களில் தரகர்களே வாடகை ஒப்பந்தம் தயாரித்துத் தருவதாகக் கூறுவதுமுண்டு. இந்த வழியில் கால் வைக்கும் முன் சட்டத்தின் 192 பி பிரிவைப் படிக்க வேண்டும். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு அது. பொய்யான ஆவணமோ, முக்கிய விவரத்தில் பொய்யான கூற்றோ காட்டிப் பதிவுச் சான்று பெறும் உரிமையாளருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அத்துடன் ஆண்டுச் சாலை வரியின் பத்து மடங்கு, அல்லது ஆயுட்கால வரியில் மூன்றில் இரண்டு பங்கு, இவற்றுள் எது அதிகமோ அது அபராதம். பொய்யான விவரத்தின்பேரில் பெற்ற பதிவை இரத்துச் செய்யவும் 55 ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது.

இது ஏட்டளவில் நிற்கும் சட்டம் என்று கருதுவதும் சரியன்று. 2017 ஆம் ஆண்டில் கேரளத்தில், புதுச்சேரி முகவரி காட்டி ஆடம்பரக் கார்களைப் பதிவு செய்தவர்கள்மீது காவல் துறை வழக்குகள் பதிவு செய்தது. அவர்களுள் புகழ்பெற்ற திரைக்கலைஞர்களும் இருந்தனர். பெரும் செல்வர்களே வழக்கறிஞர்களைத் தேடி ஓடிய இடத்தில், சாமானியக் குடும்பம் என்ன செய்யும்?

வழக்கு வராவிட்டாலும் அன்றாடத் தொல்லைகள் தொடரும். அரசிடமிருந்து வரும் அறிவிப்புகளும் அபராதச் சீட்டுகளும் பதிவில் உள்ள முகவரிக்கே போகும். அந்த வீட்டார் பதில் சொல்ல வேண்டி வரும். விற்கும்போது வாங்குபவர் தடையில்லாச் சான்று கேட்பார். விபத்து நேர்ந்தால் முகவரி குறித்து எழும் கேள்விகளுக்கெல்லாம் விளக்கம் தேவைப்படும். உறவினரின் நல்லெண்ணத்தை நம் சிக்கலுக்குப் பணயம் வைப்பது முறையாகாது.

உண்மையிலேயே வெளிமாநிலத்தில் வசிப்பவர்களின் நிலை வேறு. பெங்களூரில் பணிபுரிந்து அங்கே குடும்பத்துடன் வாழ்பவர் அங்கேயே பதிவு செய்வதுதான் முறை. அவர் பின்னர் ஊருக்குத் திரும்பி, வண்டி பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கேயே இருக்குமானால் 47 ஆம் பிரிவின்படி புதிய எண் பெற வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்றை 28 ஆம் படிவத்தின் மூலம் பெறுதல் அவசியம். கடன் இருந்தால் கடன் தந்த வங்கியின் இசைவும் தேவை. விண்ணப்பித்து முப்பது நாள்களுக்குள் அலுவலகம் பதில் தராவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கருதப்படும் என்று 48 ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே விண்ணப்பம் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். புதிய மாநிலத்தில் வரி கட்டிய பின், பழைய மாநிலத்தில் கட்டிய ஆயுட்கால வரியில் மீதிக் காலத்துக்குரிய பங்கைத் திரும்பக் கேட்கலாம். அதற்குத் தனியாக விண்ணப்பித்துப் பொறுமையோடு தொடர வேண்டும்.

அடிக்கடி இடமாற்றம் பெறும் அரசு ஊழியர்கள், பாதுகாப்புப் படையினர், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் கொண்ட தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்காக 2021 செப்டம்பர் 15 முதல் 'பி.எச்.' என்னும் பாரத் வரிசை எண் அறிமுகமாகியுள்ளது. சாலை வரியை ஒரே தடவையில் கட்டாமல் இரண்டிரண்டு ஆண்டுகளுக்காகக் கட்டி வரலாம். மாநிலம் மாறினாலும் எண் மாறத் தேவையில்லை. தகுதியுள்ளோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

யார் பெயரில் வாங்குவது?

நம் குடும்பங்களில் இது முக்கியமான கேள்வி. மகன் வளைகுடா நாட்டில் இருப்பார், பணம் அனுப்புவார். கார் வாப்பாவின் பெயரிலோ உம்மாவின் பெயரிலோ வாங்கப்படும். ஓட்டுபவர் வேறொருவராக இருப்பார். இதில் தவறேதும் இல்லை. ஆனால் சில விளைவுகளை அறிந்திருப்பது நலம்.

முதலாவது, உரிமையாளர் எவரோ அவருடைய முகவரிச் சான்று இந்த மாநிலத்தில் இருக்க வேண்டும், படிவங்களில் கையொப்பமும் அவருடையதாகவே இருக்க வேண்டும். விடுமுறையில் வரும் மகன் பெயரில் வாங்குவதானால், அவர் விமானம் ஏறுவதற்குள் பதிவு முடியுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உரிமையாளர் தாமே ஓட்டும்போது நேரும் விபத்துக்கான 15 இலட்சம் ரூபாய்க் கட்டாயத் தனிநபர் காப்பீடு, செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உடைய உரிமையாளருக்கே உரியது. உரிமம் இல்லாத தாயார் பெயரில் கார் இருக்க மகன் ஓட்டினால், அந்தக் காப்பீடு மகனைச் சேராது. ஓட்டுபவருக்கும் உடன் செல்வோருக்கும் தனியே விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்வது அறிவுடைமை.

மூன்றாவது, 2021 முதல் பதிவுச் சான்றிலேயே நியமனதாரர் பெயரைக் குறிப்பிடும் வசதி உள்ளது. உரிமையாளர் காலமானால் பெயர் மாற்றம் எளிதாகும். வீட்டில் முதியவர் பெயரில் வண்டி வாங்குவோர் இதைத் தவறவிடக் கூடாது.

ஷோரூமில் கையெழுத்திடும் முன்

வெளிமாநில விற்பனையாளரிடம் முன்பணம் கொடுக்கும் முன்பே, "என் வண்டி தமிழ்நாட்டில் பதிவாகும், எனக்குத் தற்காலிகப் பதிவு மட்டும் போதும்" என்று தெளிவாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். இன்வாய்ஸிலும் காப்பீட்டிலும் உங்கள் ஊர் முகவரியே இடம்பெற வேண்டும். அவருடைய மாநிலச் சாலை வரி உங்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். விலைப்பட்டியலில் காணாத 'கையாளும் கட்டணம்' கேட்டால் எதற்கென்று வினவுங்கள், இரசீது கேளுங்கள்.

காப்பீட்டை அந்த ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நம் வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டை வேறு நிறுவனங்களிலும் விசாரித்து, ஒப்பிட்டு எடுக்கலாம்.

வண்டியைப் பெறும்போது சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆவணங்களில் உள்ள எண்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஊரில் பதிவு நின்றுவிடும். திருத்தம் பெற மீண்டும் எல்லை தாண்ட வேண்டியிருக்கும். 21 ஆம் படிவமாகிய விற்பனைச் சான்றில் வண்டி தயாரான மாதமும் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கும். அண்டை மாநிலத்தில் கிடைக்கும் பெரிய தள்ளுபடிக்குக் காரணம், வண்டி பல மாதங்கள் கிடங்கில் நின்றதாகவும் இருக்கலாம்.

கையில் பெற்றுக்கொள்ள வேண்டியவை இவை: இன்வாய்ஸ், 21 ஆம் படிவத்தில் விற்பனைச் சான்று, 22 ஆம் படிவத்தில் தயாரிப்பாளரின் தகுதிச் சான்று, தற்காலிகப் பதிவுச் சான்று, காப்பீட்டுப் பத்திரம், சுங்கச் சாவடிகளுக்கான ஃபாஸ்டாக் வில்லை. ஊரில் 20 ஆம் படிவத்தில் நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பித்து, முகவரிச் சான்று, வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் ஆகியவற்றை இணைக்க வேண்டும். கடன் வாங்கியிருந்தால் வங்கியின் கையொப்பமும் விண்ணப்பத்தில் தேவை. ஆய்வாளரின் பார்வைக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டுமா, வேண்டுமெனில் எந்த நாளில் என்பதை அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. நிரந்தர எண் கிடைத்த பின் எண்பலகையைப் பொருத்துவது யார்? 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்பட்ட வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு எண்பலகை கட்டாயம். அதை வழங்குவது தயாரிப்பாளரும் அவருடைய விற்பனையாளர்களும். வழியோரக் கடையில் எழுதி மாட்ட முடியாது. வெளிமாநில விற்பனையாளரே பலகையை அனுப்புவாரா, அல்லது அதே தயாரிப்பாளரின் உள்ளூர் விற்பனையாளர் பொருத்தித் தருவாரா என்பதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். எண் கிடைத்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஃபாஸ்டாக் வழங்கிய வங்கிக்கும் அதைத் தெரிவித்துப் பதியச் செய்யுங்கள்.

குறை நேர்ந்தால் எங்கே முறையிடுவது?

"வெளிமாநிலக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டால் அங்கே போய் வழக்காட முடியுமா?" என்ற அச்சம் நியாயமானது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த அச்சத்தைப் போக்கியுள்ளது. வாங்கியவர் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. பேசிய விலைக்கும் தள்ளுபடிக்கும் எழுத்து வடிவில் சான்று வைத்திருப்பவருக்கே அங்கே வழக்கு வலுவாக நிற்கும். ஆகவே வாய்மொழி வாக்குறுதிகளை அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் நாடெங்கும் உள்ள அங்கீகரிக்கப்பட்ட பணிமனைகளில் செல்லும். எனவே முதல் சர்வீஸுக்காக வாங்கிய ஊருக்கே திரும்ப வேண்டியதில்லை. ஆனால் விற்பனையாளர் தம் பொறுப்பில் தரும் கூடுதல் சலுகைகள் அவருடைய பணிமனைக்கு மட்டுமே உரியனவாக இருக்கலாம். அவற்றை இலாபக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முடிவாக, வாங்க நினைப்போருக்கு ஓர் எளிய கணக்கைக் கூறுவோம். ஒரு தாளில் இரண்டு பத்திகள் போடுங்கள். ஒரு பத்தியில் வெளிமாநிலத்தில் கிடைக்கும் தள்ளுபடியை எழுதுங்கள். மற்றதில் தற்காலிகப் பதிவுக் கட்டணம், போக்குவரத்துச் செலவு, எரிபொருள், அலுவலகத்துக்கு நடக்கும் நாள்களில் இழக்கும் வருமானம் ஆகியவற்றை எழுதுங்கள். சாலை வரியை எந்தப் பத்தியிலும் எழுத வேண்டாம், அது இரண்டு இடத்திலும் ஒன்றே. மிச்சம் கணிசமாக இருந்தால் தயங்காமல் எல்லை தாண்டுங்கள். சில ஆயிரங்கள்தாம் மிச்சமென்றால் உள்ளூர்க் கடைக்காரரிடம் அந்தத் தள்ளுபடியைக் காட்டிப் பேரம் பேசிப் பாருங்கள். பல வேளைகளில் அவரே இறங்கி வருவார்.

எங்கே வாங்கினாலும் உண்மையான முகவரி கொடுத்து, உரிய வரி கட்டி, குறித்த நாளுக்குள் பதிவை முடித்துவிடுங்கள். அதன் பிறகு அந்தக் காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எந்த மாநிலச் சோதனைச் சாவடியையும் தலைநிமிர்ந்து கடந்து செல்லலாம்.